பிளேக் வீட்டு அச்சகத்தில் இன்னொரு ஜோடிக் கை

வீட்டில் இருந்த காசு மொத்தமே இரண்டரை ஷில்லிங். காலையில் வீட்டுக்காரம்மா அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். வாங்கி வந்தது ரொட்டியும் இறைச்சியும் அல்ல. 1 ஷில்லிங் 10 பென்ஸுக்கு அச்சடிக்கத் தேவையான சில்லறைச் சாமான்கள்! ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற அந்தக் காலக் கணக்கில் பார்த்தால் மிச்சம் 8 பென்ஸ். சாப்பாட்டுக்கு அதுதான்.

லண்டனில், 1780களின் கடைசியில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது. அந்த அம்மாவின் பெயர் கேத்தரின். கணவர் வில்லியம் பிளேக். ஆமாம், ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்கள் பாடத்தில் பார்த்துக் கொட்டாவி விட்ட அதே பிளேக்தான் :-) கவிஞர், ஓவியர், தீர்க்கதரிசி, பாதிப் பைத்தியம் என்று பல பட்டங்கள் அவருக்கு உண்டு. ஆனால் அவர் தினமும் செய்த வேலை என்ன என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. அவர் ஒரு அச்சுக்காரர். செப்புத் தகட்டில் படம் செதுக்கிப் பிழைத்த தொழிலாளி.

பாடப் புத்தகங்கள் சொல்வது இதுதான்: பிளேக் என்ற தனி மனிதர், யாருடைய உதவியும் இல்லாமல், எழுதி, வரைந்து, செதுக்கி, அச்சடித்து, வண்ணம் பூசி, எல்லாவற்றையும் தானே செய்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. அந்த வீட்டு அச்சகம் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டிய வண்டி. கேத்தரினுக்கு அதில் பேர் கொடுக்க வேண்டும். 'பாவம், நல்ல மனைவி' என்று இரக்கப்பட்டுக் கொடுப்பது வேண்டாம். அச்சுத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

யார் இவர்கள்?

வில்லியம் 1757 நவம்பர் 28 அன்று லண்டன் சோஹோ பகுதியில் பிறந்தார். அப்பா காலுறை வியாபாரி. பையனுக்குப் படம் வரைவதில்தான் ஆர்வம் என்று தெரிந்ததும், 1772-ல் ஜேம்ஸ் பசையர் என்ற செதுக்கோவியரிடம் ஏழு வருடம் தொழில் பழக விட்டார்கள். அதற்குக் கட்டணம் 50 கினி. ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய பணம். பசையர் அந்தப் பையனை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்கு அனுப்பி, அங்கே இருந்த பழைய அரசர், அரசிகளின் கல்லறைச் சிலைகளை வரைந்து வரச் சொன்னார். அந்த வரைபடங்கள் அச்சில் வந்தபோது கீழே இருந்தது பசையரின் பெயர். பட்டறையில் யார் வேலை செய்தாலும் முதலாளி பெயர்தான் வரும், அதுதான் அன்றைய வழக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கேத்தரின் பவுச்சர் 1762-ல் தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் உள்ள பேட்டர்சீயில் பிறந்தார். அப்பா காய்கறித் தோட்டம் போட்டு விற்றவர். 1782 ஆகஸ்ட் 18 அன்று பேட்டர்சீ புனித மேரி தேவாலயத்தில் திருமணம். பதிவேட்டில் கேத்தரின் கையெழுத்துப் போடவில்லை. ஒரு பெருக்கல் குறிதான் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்கு அடையாளமாக அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

திருமணத்துக்குப் பிறகு வில்லியம் அவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. வரையவும், வண்ணம் பூசவும், அச்சு இயந்திரத்தை ஓட்டவும் கற்றுக் கொடுத்தார். பெருக்கல் குறி போட்ட பெண் சில வருடத்தில் லண்டனின் தேர்ந்த அச்சுக்காரர்களுக்குச் சமமாக வேலை செய்கிறவர் ஆகிவிட்டார். பிளேக்கின் கதையில் வரும் தேவதைகளையும் தரிசனங்களையும் விட இதுதான் பெரிய அதிசயம்.

ஏன் வீட்டிலேயே அச்சடித்தார்கள்?

பிளேக்கின் முதல் கவிதைப் புத்தகம் 1783-ல் வந்தது. அதற்கு நண்பர்கள் பணம் போட்டார்கள். வெளி அச்சகத்தில், ஈய எழுத்துக் கோத்து, சாதாரணமாக அச்சடித்த புத்தகம். படம் கிடையாது. புத்தகம் விற்கவும் இல்லை.

படத்தோடு புத்தகம் போட வேண்டும் என்றால் அன்றைக்கு என்ன சிக்கல் என்று பாருங்கள். எழுத்து மேடாக இருக்கும், அந்த மேட்டில் மை ஒட்டி அச்சாகும். செப்புத் தகட்டுப் படம் இதற்கு நேர்மாறு. கோடுகள் பள்ளமாக இருக்கும், பள்ளத்தில் மை நிற்க வேண்டும், மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும், பிறகு பலத்த அழுத்தத்தில் ஈரக் காகிதத்தின் மேல் உருட்ட வேண்டும். இரண்டுக்கும் இயந்திரம் வேறு, ஆள் வேறு, கூலி வேறு. ஒரே பக்கத்தில் எழுத்தும் படமும் வர வேண்டுமானால் காகிதம் இரண்டு பட்டறைக்குப் போய்வர வேண்டும். ஏழைக் கவிஞனுக்குக் கட்டுப்படியாகுமா?

1784-ல் அப்பா இறந்த பிறகு, பிளேக் தன்னோடு தொழில் பழகிய ஜேம்ஸ் பார்க்கரோடு சேர்ந்து ஒரு படக்கடை வைத்தார். கடை நிலைக்கவில்லை. ஆனால் உருளை அச்சு இயந்திரம் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1787-ல் பிரியமான தம்பி ராபர்ட் இறந்துபோனார். இறந்த தம்பி தரிசனத்தில் வந்து புது அச்சு முறையைச் சொல்லிக் கொடுத்ததாக பிளேக் சொன்னார். தம்பி சொன்னாரோ, தொழில் அனுபவம் சொன்னதோ, 1788 வாக்கில் அந்த முறை கைகூடிவிட்டது. அதற்கான சாமான் வாங்கத்தான் கேத்தரின் அந்த இரண்டரை ஷில்லிங்கோடு கடைக்குப் போனது.

முறை இதுதான். செப்புத் தகட்டின் மேல், அமிலம் அரிக்க முடியாத வார்னிஷைத் தூரிகையிலும் பேனாவிலும் தொட்டு, எழுத்தையும் படத்தையும் சேர்த்தே வரைவது. எழுத்து முழுக்கத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போல எழுத வேண்டும். பிறகு தகட்டில் அமிலம் ஊற்றினால், வார்னிஷ் இல்லாத இடமெல்லாம் அரித்துப் பள்ளமாகிவிடும். வரைந்த இடம் மட்டும் மேடாக நிற்கும். மேட்டில் மை தடவி அச்சடித்தால் எழுத்தும் படமும் ஒரே தகட்டில், ஒரே இயந்திரத்தில், ஒரே வீட்டில்! கவிஞனே பதிப்பாளன். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

1789-ல் 'களங்கமின்மையின் பாடல்கள்' இப்படித்தான் வந்தது. 31 தகடுகள். ஆரம்பப் பிரதிகளில் தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து 17 தாளில் முடித்துவிட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு சின்னத் தகடுகள்.

இரண்டு ஜோடிக் கை

இனிமேல்தான் விஷயத்துக்கே வருகிறோம்.

தகட்டு அச்சில் ஒரு பழைய விதி உண்டு. மைக்கை காகிதத்தைத் தொடக்கூடாது. மை என்பது பேனா மை மாதிரி இல்லை. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் நிறத்தூளை அரைத்துச் செய்த கெட்டிப் பசை. அதைத் தகட்டில் தடவுகிறவரின் விரல், நகக்கண், மணிக்கட்டு எல்லாம் கறையாகிவிடும். காகிதமோ ஈரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் மையை நன்றாக வாங்கும். ஈரக் காகிதத்தில் விரல் பட்டால் போச்சு, அந்தத் தாள் குப்பைக்கு. காகிதம் அன்றைக்கு மலிவான பொருளும் இல்லை, துணிக் கந்தலில் இருந்து கையால் செய்தது.

அதனால் உருளை அச்சில் இரண்டு பேர் வேலை செய்வது வழக்கம். ஒருவர் மைக்கை, இன்னொருவர் சுத்தக்கை. ஒருவர் தகட்டில் மை ஒற்றி, ஓரத்தில் பட்டதைத் துடைத்து, இயந்திரத்தின் பலகையில் வைப்பார். இன்னொருவர் காகிதத்தை இரண்டு மூலையில் பிடித்து, சரியான இடத்தில் இறக்கி, மேலே கம்பளித் துணியைப் போட்டு, உருளை ஓடி முடித்ததும் மெதுவாக உரித்து எடுத்து உலர வைப்பார். தனி ஆள் செய்யவே முடியாதா என்றால் முடியும். ஒவ்வொரு தாளுக்கும் கை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். காகிதம் அதற்குள் உலர்ந்துவிடும், தகட்டில் மையும் இறுகிவிடும்.

ஆராய்ச்சியாளர் ஜோசப் விஸ்கோமி இந்த முறையைத் தானே செய்து பார்த்து, 1993-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பிளேக் வாங்குபவர் வரும்போது ஒவ்வொரு பிரதியாக அச்சடித்தார் என்ற பழைய நம்பிக்கையை அது உடைத்துவிட்டது. உண்மையில் ஒரே சமயத்தில் பல பிரதிகளை, சின்னச் சின்னத் தொகுதியாக அச்சடித்திருக்கிறார்கள். அப்படியானால் நாள் முழுக்க ஒரே தாளகதியில் வேலை நடந்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். குழந்தை இல்லை, கூலியாள் இல்லை. கணக்கு சரியாக வருகிறதா?

அச்சானதும் வேலை முடிந்துவிடாது. காய்ந்த தாளில் ஒவ்வொரு பக்கமாக வாட்டர் கலர் பூச வேண்டும். கேத்தரின் இதிலும் கை வைத்தார் என்று பிளேக்கை அறிந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் தாள்களை அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்துத் தைக்க வேண்டும். அதுவும் கேத்தரினுடைய வேலைதான் என்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே சமையல், துணி துவைப்பு, தண்ணீர் சுமப்பது வேறு!

ஆனால் 1789 புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் என்ன இருக்கிறது? எழுதியவரும் அச்சடித்தவரும் டபிள்யூ. பிளேக் என்று இருக்கிறது. இதில் முதல் பாதி முழு உண்மை. இரண்டாவது பாதி, பாதி உண்மை.

கால்பங்குச் செலவு, யார் கணக்கில்?

1790 வாக்கில் தம்பதி லாம்பெத் பகுதியில் ஹெர்குலிஸ் பில்டிங்ஸ் என்ற தெருவுக்குக் குடிபோனார்கள். கொஞ்சம் பெரிய வீடு, பின்னால் தோட்டம். (அந்தத் தோட்டத்தில் இருவரும் ஆதாம்-ஏவாள் கோலத்தில் உட்கார்ந்து கவிதை படித்தார்கள் என்று ஒரு கிசுகிசு உண்டு. பிளேக்கைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் இது மட்டும் தெரிந்திருக்கும்! அதற்கு நல்ல ஆதாரம் கிடையாது.)

1793 அக்டோபரில் பிளேக் பொதுமக்களுக்கு ஒரு விளம்பரத் தாள் போட்டார். புத்தக விலைப் பட்டியல் அதில் இருக்கிறது. 'களங்கமின்மையின் பாடல்கள்' 5 ஷில்லிங். 'அனுபவத்தின் பாடல்கள்' 5 ஷில்லிங். 'அமெரிக்கா' 10 ஷில்லிங் 6 பென்ஸ். தன்னுடைய புது முறையில் வழக்கமான செலவில் கால்பங்குக்கும் குறைவாகவே ஆகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்.

எப்படிக் கால்பங்கு ஆயிற்று? எழுத்துக் கோப்பவருக்குக் கூலி இல்லை, சரி. இரண்டாவது அச்சகம் இல்லை, அதுவும் சரி. ஆனால் அச்சடிப்பதற்கும் வண்ணம் பூசுவதற்கும் தைப்பதற்கும் ஆன கூலி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்ததால் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். பிளேக்கும் தனக்குக் கூலி எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் அவருக்குப் பெயராவது மிஞ்சியது.

இந்த இடத்தில் பிளேக்கைத் திட்டித் தீர்ப்பது சுலபம், ஆனால் நியாயம் இல்லை. அவரும் ஏழைதான். 1790களின் நடுவில் 'இரவுச் சிந்தனைகள்' என்ற நீண்ட கவிதைக்கு 537 வாட்டர் கலர் படங்கள் வரைந்தார். அவ்வளவுக்கும் கிடைத்த கூலி 21 பவுண்டு! அவற்றில் 43 மட்டும் 1797-ல் அச்சேறின. புத்தகம் ஓடவில்லை. வெளியே தோற்றுத் தோற்று வந்தவருக்கு வீட்டு அச்சகம் ஒன்றுதான் சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தின் செலவை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள், பெருமையைப் பங்கிடவில்லை என்பதுதான் இங்கே கேள்வி.

வீட்டில் காசு தீர்ந்துபோனால் கேத்தரின் சண்டை போட மாட்டாராம். சாப்பாட்டு நேரத்தில் வெறும் தட்டைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்துவிடுவாராம். அதைப் பார்த்ததும் பிளேக் தரிசனத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கூலிக்குச் செதுக்கும் வேலையை எடுப்பாராம். இதைப் பொதுவாக ஒரு நகைச்சுவைத் துணுக்கு மாதிரிச் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். எந்த வேலையை எப்போது எடுப்பது, எப்போது பணம் வரும், எதைத் தள்ளிப் போடலாம் என்று கவனித்துக்கொண்டிருந்தது யார்? இன்றைக்கு அந்த வேலைக்கு மேலாளர் என்று பெயர் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பிளேக்கே கொடுத்த சாட்சி

'இதெல்லாம் ஊகம்தானே' என்று சிலர் கேட்கலாம். ஊகம் இல்லை. சாட்சி பிளேக்கின் கடிதத்திலேயே இருக்கிறது.

1800-ல் வில்லியம் ஹெய்லி என்ற வசதியான எழுத்தாளர் அழைத்ததால், இருவரும் சசெக்ஸ் கடற்கரையில் ஃபெல்ஃபாம் என்ற ஊருக்குப் போனார்கள். அச்சு இயந்திரமும் கூடவே போயிற்று. அங்கே இருந்த மூன்று வருடத்தில் ஹெய்லி எழுதிய கூப்பர் என்ற கவிஞரின் வாழ்க்கை வரலாற்றுக்கு பிளேக் படத்தகடுகள் செய்தார். 1803 ஜனவரி 30 அன்று அண்ணன் ஜேம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அந்தப் புத்தகத்துக்கான தகடுகள் அத்தனையையும் அச்சடிக்கும் பொறுப்பைத் தன் மனைவி ஏற்றுக்கொண்டிருக்கிறார், பிரமாதமாகச் செய்கிறார், பிரெஞ்சு அச்சுப் படங்களுக்குச் சமமாக இருக்கிறது, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, இப்படி வீட்டிலேயே செய்வது லாபமாகவும் இருக்கிறது என்பது அதன் சாரம்.

இவை பிளேக் கண்டுபிடித்த மேட்டு அச்சுத் தகடுகள் அல்ல. பள்ளத்தில் மை நிற்கும் வழக்கமான தகடுகள். துடைப்பதில்தான் வித்தையே இருக்கிறது. அதிகம் துடைத்தால் கோடு வெளிறும், குறைவாகத் துடைத்தால் பக்கம் முழுக்க அழுக்கு. ஒரு தாள் போல அடுத்த தாள் வர வேண்டும். லண்டனில் இதற்கென்று தனிப் பட்டறைகளே இருந்தன. அந்த வேலையை கேத்தரின் ஒரு பதிப்பு முழுக்கச் செய்திருக்கிறார், அதுவும் காசு வரும் வேலையாக. அவர் 'ஒத்தாசை' செய்தவர் அல்ல, தொழில்காரர். அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் கணவர் ஒப்புக்கொண்டதைத் தலைப்புப் பக்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

எதிர்க்கட்சி வாதங்கள்

முதல் வாதம்: அந்தக் காலத்தில் பட்டறை முதலாளி பெயர்தான் போடுவார்கள், அதை இன்றைய கண்ணோடு பார்க்கலாமா?

நல்ல கேள்வி. ஆனால் மேலே சொன்ன பசையர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பசையர் பெயரில் வந்த அந்த வெஸ்ட்மின்ஸ்டர் படங்களில் பிளேக் வரைந்தவை எவை என்று ஆராய்ச்சியாளர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, 'இது மாணவன் பிளேக்கின் கை' என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். யாரும் 'அது அந்தக் காலத்து வழக்கம், விட்டுவிடுங்கள்' என்று சொல்லவில்லை. மாணவனுக்குச் செய்த நியாயத்தை மனைவிக்கும் செய்யலாமே?

இரண்டாவது வாதம்: அவர் பூசிய வண்ணம் அவ்வளவு நன்றாக இல்லையாமே?

இதில்தான் பெரிய வேடிக்கை. எந்தப் பிரதியில் யார் பூசியது என்று கையெழுத்து எதுவும் இல்லை. நெடுநாள் நடந்தது என்னவென்றால், வண்ணம் அழகாக இருந்தால் வில்லியம், சொதப்பியிருந்தால் கேத்தரின்! நாணயத்தைச் சுண்டும் முன்பே தலையும் எனக்கு, பூவும் எனக்கு என்று சொல்வது போல. கொஞ்சம் கொஞ்சமாக இது மாறுகிறது. 2019 செப்டம்பரில் லண்டன் டேட் பிரிட்டனில் தொடங்கிய பெரிய பிளேக் கண்காட்சியில் கேத்தரினின் பங்கைத் தனியாகச் சொன்னார்கள். 'மோட்சப் பிரயாண'த்துக்கான படங்களையும், வண்ணம் பூசிய 'இரவுச் சிந்தனைகள்' பிரதி ஒன்றையும் அவர் கை பட்டவை என்று கருதி வைத்திருந்தார்கள்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது: அப்படியானால் கேத்தரினும் கவிஞரா? எல்லாப் புத்தகத்திலும் இரண்டு பெயர் போட வேண்டுமா?

வேண்டாம். கவிதை அவருடையது, வடிவமைப்பு அவருடையது, தகட்டில் தலைகீழாக எழுதிய கை அவருடையது. கேத்தரினைத் தூக்கிப் பிடிக்கிறோம் என்று செய்யாததைச் செய்ததாகச் சொன்னால், அவர் உண்மையில் செய்ததையும் யாரும் நம்ப மாட்டார்கள். கவிதையில் பங்கு கேட்பதல்ல விஷயம், அச்சில் பங்கு கேட்பதுதான். ஆனால் பிளேக் விஷயத்தில் அச்சு என்பது சாதாரண விஷயம் அல்ல. அவருடைய கவிதையை அந்தப் பக்கத்தில் இருந்து பிரித்து வெறும் எழுத்தாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும் என்று எல்லாப் பேராசிரியர்களும் சொல்கிறார்கள். மிச்சப் பாதியைச் செய்தவர்களில் ஒருவரை விட்டுவிடுவது எப்படி நியாயம்?

இனிப்பு மட்டும் அல்ல

இதை ஒரு காதல் காவியமாக முடித்துவிடவும் ஆசை வரும். 45 வருடத் திருமணம், இணைந்த கரங்கள், இத்யாதி. அதுவும் முழு உண்மை இல்லை. தம்பி ராபர்ட் உயிரோடு இருந்தபோது, ஒரு வாக்குவாதத்தில் கேத்தரின் அவரிடம் கடுமையாகப் பேசிவிட்டாராம். 'மண்டியிட்டு மன்னிப்புக் கேள், இல்லையென்றால் இனி என் முகத்தில் விழிக்காதே' என்கிற தோரணையில் பிளேக் கட்டளை போட்டாராம். கேத்தரின் மண்டியிட்டார். ராபர்ட், தவறு என்னுடையதுதான் என்று சொன்னாராம். பழைய வாழ்க்கை வரலாறு இதை மனைவியின் பணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது! இன்றைக்குப் படிக்கிறவருக்கு வேறு மாதிரிதான் இருக்கும்.

கற்றுக் கொடுத்ததும் அவர்தான், மண்டியிட வைத்ததும் அவர்தான். அந்த வீட்டில் கேத்தரின் சமமான பங்காளி அல்ல. அதனால்தான் பெயரை அவரே கேட்டு வாங்கியிருக்க முடியாது. பின்னால் வருகிறவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

கடைசிக் கணக்கு

1827 ஏப்ரலில் பிளேக் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் புது விலைப் பட்டியல் இருக்கிறது. 1793-ல் இரண்டு பாகமும் சேர்த்து 10 ஷில்லிங்குக்கு விற்ற 'பாடல்கள்' இப்போது 10 கினி. அதாவது 21 மடங்கு. வண்ண வேலைப்பாடு கூடியிருந்தது, ஆனால் வாங்க ஆள் இல்லை. 100 தகடுகள் கொண்ட 'ஜெருசலேம்' புத்தகத்தில் முழுக்க வண்ணம் பூசிய பிரதி ஒன்றே ஒன்று. அதற்கு வாங்குபவர் கிடைப்பார் என்று தோன்றவில்லை என்று அவரே எழுதுகிறார்.

1827 ஆகஸ்ட் 12 அன்று பிளேக் இறந்தார். கடைசி நாட்களில் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு கேத்தரினை ஒரு படம் வரைந்தாராம். அந்தப் படம் இன்று இல்லை. ஆனால் கேத்தரின் நினைவில் இருந்து வரைந்த இளவயது வில்லியமின் பென்சில் படம் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

விதவையான கேத்தரின் சும்மா உட்காரவில்லை. நண்பர் ஜான் லின்னெல் வீட்டில் இருந்துகொண்டும், பிறகு வேறு இடங்களிலும் கணவரின் படைப்புகளை விற்றார். பெரிய வாட்டர் கலர் படம் ஒன்றை எக்ரிமன்ட் பிரபுவுக்கு 80 கினிக்கு விற்றார். கணவர் 537 படம் வரைந்து வாங்கியதைப் போல நான்கு மடங்கு! 1831 அக்டோபரில் கேத்தரின் இறந்தார். கணவர் இருந்த பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்திலேயே அவரையும் புதைத்தார்கள். 1927-ல் வைத்த கல்லில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அதில் வில்லியம் கவிஞர், ஓவியர். கேத்தரின் அவருடைய மனைவி. 2018-ல் சரியான இடத்தைக் கண்டுபிடித்துப் புதிதாக வைத்த கல் வில்லியமுக்கு மட்டும்.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. இரண்டரை ஷில்லிங் கதையும் வெறும் தட்டுக் கதையும் இன்று உலகத்துக்குத் தெரிவது அலெக்சாண்டர் கில்கிறிஸ்ட் எழுதிய பிளேக் வாழ்க்கை வரலாற்றால்தான். ஆனால் கில்கிறிஸ்ட் அந்தப் புத்தகத்தை முடிக்கும் முன்பே 1861-ல் இறந்துவிட்டார். குழந்தைகளை வைத்துக்கொண்டு, ரோசெட்டி சகோதரர்களின் உதவியோடு வேலையை முடித்து, 1863-ல் வெளியே கொண்டுவந்தவர் அவர் மனைவி ஆன் கில்கிறிஸ்ட். புத்தகத்தைச் சொல்லும்போது எல்லோரும் சொல்வது கணவர் பெயரை மட்டும்தான்.

தீர்வு ஒன்றும் பெரிய புரட்சி இல்லை. அருங்காட்சியகத்தில் படத்துக்குக் கீழே ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருப்பார்களே, அதில் ஒரு வரி கூடினால் போதும். எழுத்தும் வடிவமைப்பும்: வில்லியம் பிளேக். அச்சும் வண்ணமும்: வில்லியம், கேத்தரின் பிளேக். பாடப் புத்தகத்தில் 'தனி ஆளாக' என்ற சொல்லை அடித்துவிட்டால் இன்னும் நல்லது. அன்றைக்கு அந்த இரண்டரை ஷில்லிங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல் மைக்கும் வார்னிஷுக்கும் கொடுத்தவருக்கு ஒரு வரி அதிகமா என்ன?